மணிக்கட்டும் ஒரு பிளாஸ்டிக் விமானமும்

1

என் வலது கையின் மாவுக்கட்டைப் பிரித்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. மான்ட்ரியலில் இதற்கெல்லாம் யாரும் கேக் வெட்டுவதில்லை. என் மனைவி கலா மட்டும், காலையில் நான் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, "போன வருஷம் இதுக்கு என்னை எழுப்புனீங்க" என்றாள். அதுதான் விழா. அதற்காகத்தான் இந்தக் குறிப்பும்.

உடைந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. முந்தின நாள் மழை பெய்து, இரவில் அப்படியே உறைந்து, விடிந்தபோது நடைபாதை முழுக்கக் கண்ணாடி. நான் விருத்தாசலத்தில் பாலக்கரை பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வேகத்தில் இங்கே பஸ்ஸைப் பிடிக்கப் போனேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். இத்தனை குளிர்காலம் பார்த்தவன் விழலாமா என்று கேட்காதீர்கள். பஸ் வந்துகொண்டிருந்தது.

மணிக்கட்டு உடைந்தால் யாருக்கும் சிரமம்தான். எனக்கு அது பிழைப்பு. ஊரில் என்னைப் பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்; கல்யாண வீடுகளில் வாயைத் திறந்து காட்டியவர்களும் உண்டு. நான் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, பீங்கானில் பல் செய்து கொடுக்கிறவன். விருத்தாசலத்தில் செராமிக் படித்துவிட்டு, ஜாடியும் ஃப்யூஸ் கேரியரும் செய்ய வேண்டியவன், சென்னையில் ஒரு பல் லேபில் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே துபாய், அப்புறம் இங்கே. மண் ஒன்றுதான், உருவம்தான் சின்னதாகிவிட்டது.

பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பல்லாக்க வேண்டும். கை துளி ஆடினாலும் பல்லில் தெரியும். கட்டுப் பிரித்தபோது என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே கூச்சப்பட்டன. பென்சிலைப் பிடித்தால் நுனி நடுங்கியது.

லேபின் உரிமையாளர் மேரி-ஆன் நல்ல பெண்மணி. சுற்றி வளைக்கத் தெரியாதவர். போனில் சொன்னார்: "கை திரும்பினால் உன் மேசை உன்னுடையது. இலையுதிர் காலம் வரைக்கும் அதில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன். திரும்பவில்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிடு." கம்ப்யூட்டர் பக்கம் கடைவாய்ப் பற்களை மெஷின் செதுக்குகிறது. அதுவும் கௌரவமான வேலைதான், சம்பளத்திலும் குறையில்லை. ஆனால் எனக்கு அந்த மேசைதான் வேண்டும். அந்தப் பிரஷ் போய்விட்டால் இந்த நாட்டில் நான் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

2

கை குணமாவதற்கு முன்னால், வேலைக்குப் போகாத நாட்களுக்கு உதவித்தொகை வாங்க, கை உடைந்தது உண்மைதான் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். இதில் மட்டும் எல்லா நாடும் உறவுக்காரர்கள்.

எல்லாம் பிரெஞ்சில். கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சுதான் ஆட்சி மொழி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி, மகள் மதுமிதா சின்னவளாக இருந்தபோது அவளோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக் கற்றது. கார்ட்டூனில் முயல் நரியை 'நீ' என்றுதான் கூப்பிடும். அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த நரைத்த தலை அம்மாளை நான் அரை மணி நேரம் 'நீ' போட்டுப் பேசியிருக்கிறேன். 'நீ இந்தத் தாளைப் பார்த்தாயா? நீ எப்போது பதில் சொல்வாய்?' ஊரில் டீக்கடைக்காரரைக்கூட 'ங்க' போட்டுக் கூப்பிடுகிற வாய் இது. பக்கத்தில் நின்ற மது, வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வலது கைதான் மாவுக்கட்டில் இருக்கிறதே. நான் யோசிக்கவே இல்லை. இடது கைப் பெருவிரலை நீட்டி, மை இருக்கிறதா என்று கேட்டேன். சப் ரெஜிஸ்டிரார் ஆபீஸ் பழக்கம். அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். இங்கே விரல் ரேகை எடுப்பது போலீஸ் வேலையாம். கடைசியில் இடது கையால் ஒரு கிறுக்கல் போட்டேன். அது என் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பிறகு ஒரு கடிதம் வந்தது.

3

கைப் பயிற்சி கொடுத்த பெண், வீட்டில் நுணுக்கமாக ஏதாவது செய்யுங்கள் என்றாள். தையல் போடலாம், பாசி கோக்கலாம், மாடல் கட்டலாம் என்றாள். பாசி கோக்கிற வயது இல்லை. தையலுக்குக் கலா ஊசியைத் தரவில்லை.

ஒரு சனிக்கிழமை மது ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். இங்கே கோடையில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்பார்கள். சிநேகிதி வீட்டுத் தெருவில் அப்படி ஒரு வாசலில் எடுத்தாளாம். பெட்டிமேல் இரட்டைச் சிறகு விமானத்தின் படம். உள்ளே பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடியே இருந்தன. வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

"உனக்கு" என்றாள் பிரெஞ்சில். அவ்வளவுதான். பதினாறு வயதில் அது பெரிய பேச்சு.

நான் கடைசியாக இப்படி ஒரு பெட்டியைத் திறந்தது பள்ளிக்கூட நாளில். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தார். அவர் சிநேகிதர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு விமானப் பெட்டி கொடுத்தார். கூட வந்த பசை ட்யூப் காய்ந்து போயிருந்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை வாங்கி ஒட்டினேன். பொம்மைக்கு அடிக்கிற நீல பெயின்ட்டைப் பூசி, ஈரமாக இருக்கிறதே என்று யூனிட்டிலேயே ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனேன்.

என் அக்கா தமிழரசி அப்போது அங்கே பொம்மைகளுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள். அச்சின் இரண்டு பாதி சேருகிற இடத்தில் ஒரு வரி விழும். அதைச் சுரண்டி எடுக்கிற வேலை. அவள் என் விமானத்தைப் பார்த்திருக்கிறாள். அச்சில் வார்த்த பொருள், ஈரமாக இருக்கிறது, பெயின்ட் அடித்திருக்கிறது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பொருள் போகிற இடம் ஒன்றுதான். மற்ற பொம்மைகளோடு சேர்த்துச் சூளை மேல் தட்டில் காய வைத்துவிட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது விமானம் இரண்டு பிள்ளையாருக்கு நடுவில் ஊத்தப்பமாகப் படுத்திருந்தது.

நான் அழுதேன். அக்கா இன்றைக்கும் தன் பக்க நியாயத்தைத்தான் சொல்கிறாள்: "அது மண்ணு இல்லன்னு ஒரு வார்த்த எழுதி வெக்கக் கூடாதா?"

4

திரும்ப ஆரம்பித்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

வெட்டி எடுப்பதில் அவசரப்படக் கூடாது. சட்டத்திலிருந்து பாகத்தை முறுக்கிப் பிய்த்தால் பாதி பாகம் சட்டத்தோடு போய்விடும். ஒட்டுவதற்கு முன்னால் சும்மா ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். பொண்ணு பார்க்காமல் தாலி கட்டுகிற வேலை இதில் ஆகாது. பசையை அள்ளி வைக்காமல், பிரஷ் நுனியால் மூட்டில் தொட்டால் அதுவே உள்ளே ஓடிவிடும். பெட்டியில் இருக்கிற செய்முறைப் படம் பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையும் சொல்லாது. கீழே விழுந்த சின்ன பாகம் கம்பளத்தில் கிடைக்காது. தேடுவதை நிறுத்திய பிறகு காலில் குத்தும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளில் எனக்கு இரண்டு கண் போதுமாக இருந்தது. இப்போது மூக்குக்கண்ணாடி, அதற்கு மேல் லேபில் போடுகிற பூதக்கண்ணாடி, அதற்கும் மேல் ஜன்னல் வெளிச்சம். லேபில் இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பேன். சமையல்கட்டு மேசையில் அதைப் போட்டுக்கொண்டு பொம்மை விமானத்தின் சீட்டைப் பிடித்திருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டினார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் தலையாட்டினேன். சீட் விழுந்துவிட்டது.

ஆரம்பத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிறகுக்கு நடுவில் நிற்கிற மெல்லிய தூண்களை நிறுத்தும்போது நடுங்கி நடுங்கி எல்லாம் சாய்ந்தன. இரண்டு நாள் பெட்டியை மூடி அலமாரிமேல் போட்டுவிட்டேன். கலாதான் எடுத்துக் கீழே வைத்தாள். "பொம்மைக்குக் கோவிச்சிக்கிட்டு பெரிய மனுஷன் எங்க போவீங்க" என்றாள். பிறகு முழங்கையை மேசையில் ஊன்றக் கற்றேன்; மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொடக் கற்றேன். தூண்கள் நின்றன.

பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை. பழைய சாமான்தானே, போகட்டும் என்று நானே செய்தேன். இரண்டு களிம்பைப் பிசைந்தால் கல்லாக இறுகுகிற மாவு ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை உருட்டி, நடுவில் குழி வைத்து, அழகாகச் சக்கரம் பிடித்தேன். மறுநாள் மாட்டினேன். விமானம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. என் சக்கரம் பெரிது.

மது எட்டிப் பார்த்தாள். "இது ஏன் இவ்வளவு பெரிது?" என்றாள் பிரெஞ்சில்.

எனக்கே அப்போதுதான் புரிந்தது. மண்ணில் எதைச் செய்தாலும் சுருங்கும். காயும்போது கொஞ்சம், சூளையில் கொஞ்சம். அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகத்தான் பிடிக்க வேண்டும். இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொன்ன ஞாபகம் இல்லை. பல் செய்யும்போதும் அப்படித்தான். அடுப்பில் போகிற பல் குதிரைப் பல்லாகப் போய், மனிதப் பல்லாகத் திரும்பி வரும். என் கை அந்த மாவையும் மண் என்று நினைத்துவிட்டது. அந்த மாவோ சுருங்குகிற ஜாதி இல்லை.

5

அக்கா இப்போது சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறாள். கேஸ் சூளை, பத்துப் பதினைந்து பெண்கள், கார்த்திகைக்கு விளக்கு, கொலுவுக்குப் பொம்மை. எனக்கு இங்கே காலை என்றால் அவளுக்குச் சாயங்காலம்; கம்மாபுரத்திலிருந்து வருகிற பெண்களை ஆறு மணி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். சக்கரத்தைப் போனில் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சூளைக்கே போவாத பொருளுக்கு எதுக்குடா சுருக்கம் வெச்ச?"

"கை தானா வெச்சிடுச்சிக்கா."

"அது எங்க போவும்? ரத்தத்துல இருக்குதுல்ல. கவலப்படாத, உன் மேசை உனக்குத்தான்."

எனக்கு அந்த வார்த்தை தெம்பாக இருந்தது. விரல் நடுங்கினாலும் உள்ளே இருக்கிற கணக்கு அப்படியே இருக்கிறது என்று நினைத்தேன். இத்தனை வருடம், இத்தனை நாடு, அது அசையவில்லை.

"மது எங்க?" என்றாள் அக்கா.

மது வந்தாள். "நல்லா இருக்கேன் அத்த. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். கையாட்டினாள். போய்விட்டாள். எப்போதும் இதே இரண்டு வாக்கியம்தான். சின்ன வயதில் இதே போனில் அத்தையோடு மணிக்கணக்கில் சண்டை போட்டவள். நாங்கள் வீட்டில் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கலாவுக்கு மட்டும் பாதி தமிழ். கடைசியாக ஊருக்குப் போனபோது ஸ்ரீமுஷ்ணம் தேர்க் கூட்டத்தில் அக்காவின் நாத்தனார், "ஏன் புள்ள, ஊமையா?" என்று கேட்டுவிட்டார். மது என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அதற்கப்புறம் ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தால் பரீட்சை இருக்கிறது என்கிறாள்.

எனக்கு வருத்தம் என்பதைவிடக் கோபம்தான். ரத்தத்தில் இருப்பதை ஒருத்தி வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

6

கோடை முழுக்கக் கட்டினேன். அந்த விமானத்துக்குப் பிறகு ஒரு கப்பல், ஒரு லாரி, இன்னொரு விமானம். சக்கரத்தை மறுபடி, சரியான அளவில் பிடித்தேன். லாரிக்குக் கண்ணாடி துடைப்பான்கூட ஒட்டினேன். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியபோது என் விரல்கள் நடுங்குவது நின்றிருந்தது. நின்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மேரி-ஆனுக்குப் போன் செய்தேன். "வா, ஒரு முன்பல் செய்" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸைத் துரத்தவில்லை.

மேசையில் எல்லாம் வைத்தபடி இருந்தன. பிரஷைத் தண்ணீரில் நனைத்து, துணியில் தொட்டு, பொடியை எடுத்தேன். என் முழுக் கவனமும் பிரஷ் நுனியில்தான். ஆடுகிறதா, ஆடுகிறதா. ஆடவில்லை. முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே ஏற்றினேன். அச்சிலிருந்த பக்கத்துப் பல்லின் உயரம், அதன் அகலம், நுனியின் வளைவு, ஒன்றும் தவறாமல் வந்தது. என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு பல்லை ஏற்றியதில்லை. அடுப்பில் வைத்தேன்.

அடுப்பு திறந்ததும் இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, அச்சில் மாட்டினேன். இரண்டு பக்கமும் சந்து. பக்கத்துப் பல்லுக்குக் கீழே குட்டையாக நின்றது. பால் பல்.

சுருக்கம் வைக்க மறந்திருந்தேன். ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகச் செய்ய வேண்டியதை, இருக்கிற அளவுக்கே செய்திருந்தேன். ஒரு கோடை பிளாஸ்டிக். எப்படி வைக்கிறோமோ அப்படியே நிற்கிற பொருள். கை அதற்குப் பழகிவிட்டது.

நடுங்குகிற கையோடு வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இந்தக் கணக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், டீ வாங்கிக்கொண்டு வருகிறவருக்கும் தெரியும். இது என்னை விட்டுப் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்படியானால் அது ரத்தத்தில் இல்லை. தினமும் செய்ததால் இருந்தது. செய்யாமல் விட்டதும், சத்தமில்லாமல், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

மேரி-ஆன் பல்லை வாங்கி லென்ஸின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருக்கு? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கா?"

நான் பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கை ஆடவில்லை" என்றார். "ஒரு இடத்தில்கூட ஆடவில்லை. நான் பார்க்க விரும்பியது அதைத்தான். அளவு பழகினால் வந்துவிடும். இன்னொன்று செய்."

இன்னொன்று செய்தேன். இந்த முறை ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு செய்தேன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப்போல. வெட்கமாகத்தான் இருந்தது. குதிரைப் பல்லாக உள்ளே போய், சரியாக வந்து உட்கார்ந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

7

வீட்டில் கலாவுக்குத் திங்கட்கிழமை என்பதே போதுமாக இருந்தது. பால் பாயசம் வைக்கப் போனாள். மதுதான் அந்த முதல் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேரி-ஆன் அதை என்னிடமே கொடுத்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். எல்லாம் தெரிந்திருந்தும், கை நன்றாக இருந்தும், வெளியே வந்தபோது சின்னதாக வந்துவிட்டது என்று சொன்னேன். எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் கூசிப்போனேன் என்றும் சொன்னேன்.

அவள் பல்லை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அத்தகிட்ட பேசும்போது எனக்கு எப்பவுமே அப்படித்தான் இருக்குது, அப்பா. உள்ள பெருசா இருக்குது. வெளில வரும்போது சின்னதா ஆயிடுது. அதான் போயிடுறேன்."

நான் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஊரில் அப்போது விடிகிற நேரம். அக்கா சூளை பார்க்கச் சீக்கிரமே எழுந்துவிடுவாள். போனை எடுத்து, அவள் நம்பரைப் போட்டு, மதுவின் கையில் கொடுத்தேன்.

"பெருசாவே பேசு" என்றேன். "சுருங்குறது சுருங்கட்டும். மிச்சம் அத்தைக்குப் போதும்."